பாறைமேல் ஒரு தளபதி

"வலதுபக்கம் இழுங்க! வலதுபக்கம்!" என்று ஃபெலேட்டி பாறைமேல் நின்று கத்தினான்.

மார்பளவுத் தண்ணீரில் நின்றிருந்த பாதி ஊரும் அவனைப் பார்த்து அன்பாகக் கையசைத்தது. ஒருவரும் வலதுபக்கம் இழுக்கவில்லை.

விடிந்தும் விடியாத பொழுது. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத பனிமூட்டம். தென்னோலை பின்னிய நீளக்கயிற்றை ஆளுக்கொரு கை பிடித்து மீன்களைக் கரைக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு பாட்டின் முனகல் ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்கு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பாட்டு நகர, கயிறும் நகர்ந்தது. தூக்கத்தில் நடப்பவர்களைப் போல இருந்தார்கள்.

நாளைக்கு அவன் கொழுந்தியாள் லூப்பேக்குக் கல்யாணம். விருந்தில் அட்டுலே மீன் இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தலைகுனிவு.

அவன் மானமும் அந்தக் கயிற்றில்தான் தொங்கியது. ஆக்லாந்து நகரத்தை விட்டு மனைவியின் தீவுக் கிராமத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகியும் அவனை யாரும் ஒரு வேலைக்கும் கூப்பிட்டதில்லை. தேங்காய் உரிக்கப் போனால்கூட "நீங்க உக்காருங்க" என்றார்கள். நேற்றுத்தான் மச்சான் லேமானு வந்து சொன்னான்: "பவளத்திட்டுல வெளிக்கடலுக்குத் திறக்குற உடைப்பு இருக்குல்ல, அந்த ஓரத்துப் பாறை உங்களுக்கு. அங்கே நின்னு நீங்கதான் நடத்தணும். என்ன ஆனாலும் வாயை மட்டும் மூடிடாதீங்க!"

வலது, இடது இந்த ஊரில் செல்லாது என்பது இப்போதுதான் உறைத்தது. இங்கே எல்லாமே கடல்பக்கம், கரைப்பக்கம். பந்தியில்கூட "கொஞ்சம் கடல்பக்கம் தள்ளி உக்காரு" என்பார்கள்.

"கடல்பக்கம் விடுங்க! கரைப்பக்கம் இழுங்க!"

கயிறு நடுவில் தொந்திபோலத் தொங்கியது.

"லேமானு, என்ன இது?"

"நல்லாத்தான் போகுது மச்சான்! இன்னும் சத்தமா!"

ஃபெலேட்டி விசிலை எடுத்தான். "ஒருதடவை ஊதினா இழு. ரெண்டுதடவை ஊதினா நில்லு!"

ஒருதடவை ஊதினான். எதிர்மலை அதை வாங்கி இன்னொருதடவை ஊதியது. தண்ணீரில் சிரிப்பு கிளம்பியது. அவன் இன்னும் வேகமாக ஊத, மலையும் விடாமல் ஊத, அவனுக்கு மூச்சுத் திணற, விசில் வாயிலிருந்து நழுவிக் கடலில் விழுந்தது.

விசில் விழுந்த இடத்தில்தான் அதைப் பார்த்தான். காலடித் தண்ணீரில் ஒரு வெள்ளி நிழல். ஆயிரக்கணக்கான அட்டுலே மீன்கள், கனவில் வருவதுபோல ஓசையில்லாமல் அவனை நோக்கி வந்துகொண்டிருந்தன.

"இங்கே! எல்லாரும் இங்கே வாங்க!" என்று குதித்துக் கூச்சலிட்டான். நிழல் சட்டென்று திரும்பிப் பனிக்குள் மறைந்தது.

போச்சு. கல்யாண மீனை அவனே விரட்டிவிட்டான். கத்துவதை விட்டுவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்தான்.

"மச்சான்! ஏன் நிறுத்திட்டீங்க? கத்துங்க!" லேமானுவின் குரல் பதறியது.

கேலி செய்கிறானா? அழுகையும் ஆத்திரமுமாக, வாயில் வந்ததையெல்லாம் கத்தினான். நிழல் வந்தது, போனது, மறுபடி வந்தது, போனது. கடைசியில் வரவே இல்லை.

தலையைத் தொங்கப்போட்டுக் கரைக்கு நடந்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆக்லாந்துக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்திருந்தான்.

கரையில் மீன் மலையாகக் குவிந்து துள்ளிக்கொண்டிருந்தது. லூப்பே ஓலைக்கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிரு லூப்பே. ஒருத்தரையும் ஒழுங்கா நடத்த முடியல. நான் போட்ட கூச்சல்ல என் காலடிக்கு வந்த மீனெல்லாம் ஓடிப்போச்சு."

லூப்பே அவனை விநோதமாகப் பார்த்தாள்.

"ஓடணும்னுதானே அத்தான் உங்களை அங்கே நிறுத்தினோம்? அந்த உடைப்பை அடைக்கக் கயிறு எட்டல!"