திராட்சைக் கட்டியும் மதுவிலக்குப் பிரசங்கமும்

எல்ம் ஃபோர்ட், அயோவா
1929 ஏப்ரல் 14

அன்புள்ள தம்பி ஓரினுக்கு அண்ணன் ஹோரஸ் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அண்ணி லவினியாவும் சுகம். நீயும் உன் மளிகைக்கடையும் உன் முழங்கால் வலியும் எப்படி?

நீ அனுப்பிய திராட்சைக் கட்டி போன மாதமே கிடைத்தது. சாற்றை வற்றவைத்துச் செங்கல்லாக இறுக்கியிருக்கிறார்கள்; தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டியதுதான். ஆனால் அதில் ஒட்டியிருந்த தாளைப் படித்து அசந்துபோனேன். ‘எச்சரிக்கை: கரைத்த சாற்றை ஜாடியில் ஊற்றி, இருட்டு அலமாரியில் மூன்று வாரம் வைத்துவிடாதீர்கள். மதுவாகிவிடும்!’ சட்டம் போட்டு மதுவை ஒழித்த நாட்டில், அதை எப்படிக் காய்ச்சக்கூடாது என்று இத்தனை அக்கறையாகச் சொல்லித்தருகிறார்களே, என்ன தேசமடா இது! ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் சிவப்பு விளக்குக்கு அடங்கி நடந்தவன் நான். தாளுக்கும் அடங்கத்தான் நினைத்தேன். கட்டியைக் கரைத்து, மத்தியானம் குடிக்கலாம் என்று ஜாடியை அலமாரியில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து வானொலிப் பெட்டி வந்து இறங்கியது.

அதை என்னவென்று சொல்வேன்! கம்பி கிடையாது, ஒன்றும் கிடையாது. சிகாகோவில் ஒருவன் தும்முகிறான், என் கூடத்தில் கேட்கிறது. நானும் மரியாதையாக “ஆண்டவர் காப்பாராக” என்கிறேன். இனி இந்த நாட்டில் தரித்திரமே இருக்காது என்றார் ஒரு பெரியவர். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். சாப்பாடே மறந்தது, சாறு எம்மாத்திரம்? மூன்று வாரம் போனதே தெரியவில்லை.

நேற்று மதுவிலக்கு மாதர் சங்கத்தார் எங்கள் வீட்டுக்கு வானொலியில் பிரசங்கம் கேட்க வந்தார்கள். தலைவியைத் தேர்ந்தெடுக்கும் நாளும் நேற்றுதான். நம் அப்பா குடித்தே செத்த நாளிலிருந்து லவினியாவுக்கு அந்தப் பதவிதான் உயிர். பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், எல்லோர் கையிலும் கோப்பை, மேசைமேல் லவினியா எடுத்து வைத்த என் ஜாடி! சொன்னால் அவள் மானமும் பதவியும் போகும். மதுவின் வாசனையே அறியாத அந்தப் பெண்களோ இரண்டாம் கோப்பையில் இருந்தார்கள். சிறப்பு விருந்தாளியாக வந்திருந்த, மது வைத்திருப்பவர்களைப் பிடிக்கும் போலீஸ் அதிகாரி ஷெரீப் கிளெம் ஒரு வாய் குடித்துவிட்டு என்னை ஓரங்கட்டினார்.

“அண்ணே, எச்சரிக்கைத் தாள் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“படிச்சீங்களா?”

“படிச்சேன். ரேடியோ வந்ததுல மறந்துட்டேன்.”

“மறதி குத்தமில்ல” என்று கோப்பையை நீட்டினார். “இன்னும் ஊத்துங்க. தடயம் எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது.”

குடி குடியைக் கெடுக்கும் என்று பெட்டி கர்ஜித்தது. பாதிரியார் மனைவி தேம்பித் தேம்பி அழுதார். “அடி லவினியா, எத்தனை கூட்டம் போட்டிருக்கோம், ஒரு நாளாச்சும் நெஞ்சு இப்படிச் சூடாச்சாடி!” என்றார். ஆயுளுக்கும் லவினியாதான் தலைவி என்று எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். கல்யாணத்தன்று பார்த்த முகத்தை நேற்றுதான் மறுபடி பார்த்தேன், தம்பி.

ஆனால் ஒருமுறை தப்பித்தது போதும். என் உயிர் உள்ளவரை இனி ஒரு கட்டியும் அனுப்பாதே. குழந்தைகளுக்கு முத்தம், உன் முழங்காலுக்காகவும் ஜெபிக்கிறேன்.

உன் அண்ணன்,
ஹோரஸ்

பின்குறிப்பு: லவினியா இப்போதுதான் வந்து சொன்னாள்: “அக்டோபர் மாநாட்டுக்கு மாவட்டமே வருது. அதே சாறு வேணும், ருசி துளியும் மாறக்கூடாது.” ஆகவே பன்னிரண்டு கட்டி அனுப்பு. ஷெரீப்புக்குத் தனியாக இரண்டு. எச்சரிக்கைத் தாளை மட்டும் கிழித்துவிடாதே. எதைச் செய்யக்கூடாது என்று தெரியாமல் நான் எப்படிச் செய்வேன்?