என் படகுக்கு எட்டு எச்.பி. போதும் என்ற கடைக்காரர்

படகுக்கு ஒரு மோட்டார் வாங்க வேண்டும். அன்றைக்கு எனக்கிருந்த வேலை அவ்வளவுதான்.

மண்டபத்தூர் கரையில் பக்கத்துப் படகுக்காரன் மோட்டார் மாட்டிவிட்டான். என் படகில் துடுப்புப் போடும் அஞ்சப்பன் முகத்துக்கு நேராகவே சொன்னான்.

"அண்ணே, தோள் விட்டுப்போச்சு. இந்த வாரம் மோட்டார் வரலேன்னா நானும் உங்க மச்சானும் அந்தப் படகுக்குப் போயிடுவோம்."

என் மச்சான் செல்வராசு, பெண்டாட்டியின் தம்பி, தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தால் சம்மதம் என்று அர்த்தம்! ஆள் இல்லாத படகு வெறும் விறகு. என் படகோ ஏற்கெனவே பாதி விறகு. நானே பழசாகத்தான் வாங்கினேன்.

காரைக்காலுக்குப் போனேன். மோட்டார் கடைக்காரர் விலை சொல்லாமல் கேள்வி கேட்டார்.

"படகு என்ன நீளங்க? பின்பலகை என்ன கனம்? ரொம்பப் பழசா?"

"பொண்ணு பாக்க வந்திருக்கீங்களா? மோட்டாரைக் காட்டுங்க!"

"பழைய படகுன்னா எட்டு எச்.பி. போதுங்க. விலையும் கம்மி."

அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பள்ளிக்கூடம் போகாமல் சந்தையில் ஏமாந்து ஏமாந்து படித்தவன் நான். விலை குறைந்ததை வாங்கச் சொன்ன வியாபாரியை அதுவரை கண்டதில்லை. விற்காத சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறான்!

"ஏன், அந்தப் பதினஞ்சு எச்.பி. மோட்டார் எனக்கு ஆகாதா?"

"உங்களுக்கு ஆகுங்க. படகுக்கு ஆகாது."

விடுவேனா? கத்தினேன். கோபித்துக்கொண்டு வாசல்வரை போனேன். யாரும் கூப்பிடாததால் நானே திரும்பி வந்தேன். மறுபடி போனேன். மத்தியானம் கடை சாத்தும் நேரம் வந்தது. மனிதருக்குப் பசி. பதினைந்தை நான் கேட்ட விலைக்கே தள்ளிவிட்டார். கட்டிவைக்கும் கயிற்றைக்கூடச் சும்மா வாங்கினேன்!

கரையில் பின்பலகையில் மோட்டாரை மாட்டிப் படகைத் தண்ணீரில் இறக்கியதும் அதன் பின்பக்கம் குந்திக்கொண்டது.

"மச்சான், கடல் உள்ள எட்டிப் பாக்குது" என்றான் செல்வராசு.

"முன்னாடி மணல் மூட்டை போடுடா!"

போட்டோம். படகு நேராகிவிட்டது. அதாவது, எல்லாப் பக்கமும் சமமாக முழுகியது.

"மெதுவா விடுங்கண்ணே" என்றான் அஞ்சப்பன்.

பக்கத்துப் படகுக்காரன் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாக விடவா தொண்டை கிழியப் பேசி வாங்கினேன்? மோட்டார் கைப்பிடியை முறுக்கினேன்.

படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. மணல் மூட்டைகள் சறுக்கி என்னிடம் வந்தன. பின்னாலேயே அஞ்சப்பன் வந்தான். அவன் மேல் செல்வராசு வந்தான். பின்பலகையில் ஆணிகள் முனகின.

"நிறுத்துங்க மச்சான்!"

நிறுத்தத்தான் போனேன். அதற்குள் மோட்டார் பின்பலகையைப் பிய்த்துக்கொண்டு கடலில் குதித்துவிட்டது!

நல்லவேளை, இடுப்பளவுத் தண்ணீர். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடிவந்து இழுத்தார்கள். பக்கத்துப் படகுக்காரனும் ஒரு கை பிடித்தான். வாய் சும்மா இருக்குமா?

"மோட்டார் நல்ல வேகம்ணே! படகை விட்டுட்டே கெளம்பிடுச்சே!"

மறுநாள் மோட்டாரைக் கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

"உப்புத்தண்ணி குடிச்சதைத் திருப்பி எடுக்க முடியாதுங்க. வேணும்னா கழட்டிக் கழுவித் தர்றேன்."

தச்சர் என் படகைத் தட்டிப் பார்த்துக் கையை உதறினார். "இதுல இனிமே ஆணி நிக்காதுங்க. பலகையெல்லாம் புட்டு மாதிரி உதிருது."

அஞ்சப்பன் விடவில்லை. "மோட்டார் வந்துருச்சு, சரி. எதுலண்ணே மாட்டுவீங்க? வெள்ளிக்கிழமைவரைக்கும் பாக்குறோம்."

பெண்டாட்டி வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அதை விற்றுப் பணமாக்கினேன். படகு விற்பவரிடம் போய் நின்றேன்.

"உங்க மோட்டார் என்ன எச்.பி.ங்க?"

"பதினஞ்சு."

"அப்ப இந்தச் சின்னது தாங்காதுங்க. அந்தப் பெருசைத்தான் எடுக்கணும்."

நிஜமோ புரட்டோ, நான் பேரமே பேசவில்லை. கேட்டதைக் கொடுத்தேன். ஆட்கள் இருவரும் என்னோடு தங்கினார்கள்.

படகுக்கு மோட்டார் வாங்கக் கிளம்பியவன், மோட்டாருக்குப் படகு வாங்கி முடித்தேன்.