பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி

தினமும் விடியற்காலையில் ஊராருக்குத் தியானம் அனுப்புகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அறியாத இனம் அல்ல. உங்கள் கைப்பேசியிலேயே இரண்டு மூன்று பேர் குடியிருப்பார்கள். ஒரு வேத வசனம், வசனத்துக்கு ஒரு விளக்கம், விளக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டின் முடிவில் உங்களைக் குத்துவதற்கென்றே ஒரு கேள்வி, கேள்விக்குக் கீழே சூரிய உதயம், அதற்கு மேல் ஒரு புறா என்று எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, நீங்கள் ஒரு கண்ணை மட்டும் திறந்திருக்கும் நேரமாகப் பார்த்துத் தலையணைப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போவார்கள். பால்காரராவது நாம் கேட்ட அளவுதான் ஊற்றுவார்.

எங்கள் சபையில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஒருவர் இருக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய தியானம் சரியாக ஐந்தரை மணிக்கு வரும் என்பதால் அவருக்கு ஐந்தரையார் என்று பெயர். பெயர் வைத்தது போதகர்தான் என்று ஒரு பேச்சு. போதகர் இதுவரை மறுக்கவில்லை.

ஐந்தரையாரின் குழுவில் நூற்று நாற்பத்திரண்டு பேர். யாரும் சேர்ந்தவர்கள் அல்ல, சேர்க்கப்பட்டவர்கள். ஒருமுறை தையல்காரர் ஒருவர் துணிந்து குழுவைவிட்டு வெளியேறினார். அன்று மாலைக்குள் அவருடைய ஆத்தும நலத்தை விசாரித்து நான்கு அழைப்புகள். மறுநாள் ஐந்தரைக்கு, பின்வாங்கிப் போனவர்களைப் பற்றித் தியானம். எடுத்துக்காட்டில் ஒரு சகோதரர் வந்தார். அந்தச் சகோதரரின் தொழில் சொல்லப்படவில்லை. ஆனால் கையில் கத்தரிக்கோல் இருந்தது. தையல்காரர் அன்றே திரும்பிச் சேர்ந்துகொண்டார்.

இங்கேதான் இந்த இனத்தின் உயிர்நாடி இருக்கிறது. வசனத்துக்குப் பஞ்சமில்லை. விளக்கத்துக்கும் பஞ்சமில்லை. எடுத்துக்காட்டுக்கு எங்கே போவது? வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து வேண்டுமே. ஆகவே அவர்கள் நம்மை அறுவடை செய்கிறார்கள். நீங்கள் கண்ணாடிக் கடையில், 'கொஞ்ச நாளா பையன் சரியா பேசறதில்லண்ணே' என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு வந்தால் போதும். மறுநாள் காலையில் 'பிள்ளையைக் கவனிக்கத் தவறிய ஒரு தகப்பன்' என்று நீங்கள் நூற்று நாற்பத்திரண்டு வீடுகளில் எழுந்தருளியிருப்பீர்கள். அடுத்தவர் கண்ணில் துரும்பைப் பார்க்கிறவன் தன் கண்ணில் உள்ள உத்திரத்தை உணர்வதில்லை என்கிற வேதப் பகுதியை ஐந்தரையார் ஒன்பது முறை எழுதியிருக்கிறார். ஒன்பது முறையும் துரும்பும் அடுத்தவருடையது, உத்திரமும் அடுத்தவருடையது. கண்ணாடி மட்டும் அவருடையது.

என் மனைவியை அடக்கம் செய்த மூன்றாம் நாள் நானும் எழுந்தருளினேன். துணையை இழந்தும் புன்னகையோடு ஏற்றுக்கொண்ட ஒரு சகோதரர். பதிலுக்கு நூற்று ஏழு ஆமென். நான் புன்னகைத்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் ஐந்தரையாரோடு யார் வழக்காடுவது?

அப்படியானால் அவர் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்களா? வீட்டில் இருப்பது அவர் மனைவி ஒருவர்தான். அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். கோபமெல்லாம் இல்லை. காப்பி ஆறுகிறது, பருப்பு தீர்ந்துவிட்டது, கதவைப் பூட்டுங்கள் என்பதெல்லாம் சொல்வார். ஆனால் எதிலிருந்தும் ஒரு பாடம் எடுத்துவிட முடியாதபடி பார்த்துப் பார்த்துச் சொல்வார். முன்பொருமுறை முட்டி வலிக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, ஜெபத்தில் முழங்காலிடத் தயங்கும் ஒரு சகோதரியாக மாறியவர் அவர்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். 

எங்கள் சபையில் ஜெப விண்ணப்பங்களைச் செவ்வாய்க்கிழமை மாலை போதகரம்மா குழுவில் போடுவது வழக்கம். பெயர் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் 'ஒரு சகோதரி', 'ஒரு சகோதரர்' என்று வரலாம். அந்தச் செவ்வாயில் ஐந்தாவது விண்ணப்பம் இது: பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரிக்கு வியாழக்கிழமை மார்பில் கட்டி அகற்றும் அறுவை சிகிச்சை, துணைக்கு நான் போவதால் அன்று பெண்கள் கூட்டம் நடைபெறாது.

ஐந்தரையாருக்கு மூக்கில் வேர்த்தது. உடனே போதகரம்மாவை அழைத்தார்.

"யாருன்னு கேக்கலம்மா. கல்யாணமானவங்களா?"

"ஆமா."

"அப்ப அவர் இருக்காரா?"

"நல்லா இருக்கார்."

"ஊர்லதானே இருக்கார்?"

"ஊர்லதான்."

"அப்புறம் ஏன் நீங்க போறீங்க?"

போதகரம்மா சற்று யோசித்திருக்கிறார். "அவருக்கு ஓயாத வேலைங்கய்யா. அவர்கிட்ட இன்னும் சொல்லவே இல்ல."

"விசுவாசியா?"

"ரொம்ப."

இதைவிட என்ன வேண்டும்? புதன்கிழமை ஐந்தரைக்கு வந்தது அவர் வாழ்நாளின் தலைசிறந்த தியானம். சீஷத்துவம், அதாவது ஆண்டவரின் சீடனாக வாழ்வது, என்பது என்ன என்று தொடங்கி, ஊருக்கெல்லாம் ஓடி உழைத்து வீட்டுக்குள் நடப்பதை அறியாத ஒரு கணவனை நிற்கவைத்து உரித்தார். கட்டின மனைவி தன் வேதனையைச் சொல்லத் தயங்கும் அளவுக்கு அவன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று கேட்டார். அவளுடைய கட்டிலருகே நாற்காலி காலியாக இருக்கும்போது அவனுடைய ஊழியத்தைத் தேவன் எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்று கேட்டார். 'அந்தக் கணவன் இதை வாசித்துக்கொண்டிருக்கலாம்' என்று முடித்தார். புறா கூட அன்று வைக்கவில்லை.

ஆறு மணிக்குள் எண்பது ஆமென். போதகரே ஆமென் போட்டார். பாவம், அவருக்கும் விவரம் தெரியாது. ஆறு ஐந்துக்கு எண்பத்தொன்றாவது ஆமென் வந்தது. ஐந்தரையாரின் மனைவி. குழுவில் அவர் வாய்திறந்தது அதுவே முதல் தடவை.

ஐந்தரையார் கைப்பேசியும் கையுமாகச் சமையலறைக்கு ஓடினார்.

"இன்னிக்கு நீயே ஆமென் போட்டிருக்க."

"நல்லா எழுதியிருந்தீங்க."

"எந்த இடம் பிடிச்சுது?"

"அந்தப் புருஷன் வர்ற இடம்."

"கொஞ்சம் காரமா போயிடுச்சோ?"

"இல்ல, சரியாத்தான் இருந்துச்சு." அவர் அடுப்பைத் தணித்தார். "நாளைக்கு ஏழு மணிக்கு எனக்கு வண்டி சொல்லியிருக்கு. போதகரம்மாவும் வர்றாங்க. ராத்திரிக்கு உங்களுக்கு ரொட்டி வாங்கி வச்சிருக்கேன்."

"எங்க போற?"

"அதான் எழுதியிருக்கீங்களே."

ஐந்தரையார் நின்றார். காப்பி ஆறியது. "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"சொல்லியிருந்தா முந்தாநாளே வந்திருப்பேன்."

எங்கே வந்திருப்பாள் என்று அவர் கேட்கவில்லை. அந்த அளவுக்கு அவருக்குப் புத்தி இருந்தது.

தியானத்தை அழித்துவிடலாம் என்று பார்த்தார். அதற்குள் அது நூற்று நாற்பத்திரண்டு பேரிடமிருந்து அவரவர் குழுக்களுக்குப் பாய்ந்து, கடல்தாண்டிப் போய், மத்தியானம் அவருடைய சித்தப்பா மகனிடமிருந்து அவருக்கே திரும்பி வந்தது. 'அண்ணே, கணவன்மார் அவசியம் படிக்க வேண்டிய செய்தி' என்ற குறிப்போடு.

வியாழக்கிழமை ஐந்தரைக்கு ஒன்றும் வரவில்லை. அதையே மணியடிக்கும் கடிகாரமாக வைத்திருந்த பலருக்கு அன்று விடியவே இல்லை. பள்ளி ஆசிரியை முதல் பாடவேளையைத் தவறவிட்டார். தையல்காரர் எட்டு மணிவரை தூங்கினார். பல வருடங்களில் அப்படியொரு தூக்கம் தூங்கவில்லை என்று பிறகு சாட்சி சொன்னார். போதகர், ஐந்தரையார் உயிரோடிருக்கிறாரா என்று கடைக்கு ஆளனுப்பினார். கடை பூட்டியிருந்தது.

ஐந்தரையார் மருத்துவமனையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவியைத் தள்ளுகட்டிலில் ஏற்றிவிட்டார்கள். வளையல்களையும் கண்ணாடியையும் கழற்றி அவர் கையில் கொடுத்த மனைவி, கண்ணாடி இல்லாத கண்களால் அவர் இருந்த திக்கைப் பார்த்துச் சொன்னார்.

"என்னைப் பத்தி எழுத மாட்டேன்னு சொல்லுங்க."

"எழுதல."

"ஒரு சகோதரின்னும்."

கொஞ்ச நேரம் பிடித்தது. "ஒரு சகோதரின்னும் எழுதல."

"ஒரு சகோதரர்னு?"

இதற்கு அதிக நேரம் பிடித்தது. தாதி கடிகாரத்தைப் பார்த்தார்.

"அதுவும் இல்ல," என்றார் ஐந்தரையார். அதன் பிறகுதான் அந்த அம்மா தலையைச் சாய்த்துக்கொண்டார்.

கட்டி கெட்ட கட்டி அல்ல என்று தெரிய இன்னும் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் கடை பூட்டியே இருந்தது. இப்போது தியானம் மறுபடி வருகிறது. ஐந்தரைக்குத்தான். ஆனால் வசனம் மட்டும். விளக்கம் இரண்டு வரி. எடுத்துக்காட்டு கிடையாது. தன் வாழ்க்கையிலேயே ஆகச்சிறந்த எடுத்துக்காட்டைக் கைவசம் வைத்துக்கொண்டு, அதைத் தொடக்கூடாது என்று வாக்குக் கொடுத்துவிட்ட மனிதன் படும் பாட்டை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். 

நான் பார்த்தேன். போன வாரம் என் மூக்குக்கண்ணாடியின் கால் ஆடுகிறது என்று அவர் கடைக்குப் போயிருந்தேன். சின்னத் திருகாணியை முடுக்கியபடியே இவ்வளவையும் அவர்தான் சொன்னார். சமையலறை, சித்தப்பா மகன், தள்ளுகட்டில், எல்லாம். யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்கே அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருக்கும்.

"எழுதறதில்லன்னுதான் சொன்னேன், பேசறதில்லன்னு சொல்லல," என்றார். "உங்க மனசோட இருக்கட்டும்."

தலையாட்டினேன். கண்ணாடியைத் துணியால் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"அன்னிக்கு உங்களப் பத்தி எழுதினேனே. நீங்க சிரிச்ச முகமா இருந்தீங்கன்னு."

"ம்."

"இல்லைல்ல?"

"இல்ல."

"நான் கிட்ட வந்தே பாக்கல," என்றார். கண்ணாடியை அவரே என் காதில் மாட்டிவிட்டு, நேராக இருக்கிறதா என்று ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். முகத்தைத்தான். கண்ணாடியை அல்ல.

நல்ல மனிதர். வாக்கை இன்றுவரை காப்பாற்றி வருகிறார். வாக்குக் கொடுத்தவர் அவர். நான் சும்மா தலையாட்டினேன், அவ்வளவுதான். அதனால்தான் பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரியையும், அவருடைய கணவரையும், ஒரு தையல்காரரையும் வைத்து உங்களுக்கு இத்தனை பக்கம் எழுத முடிந்தது. எடுத்துக்காட்டு எவ்வளவு அருமையாக அமைந்துவிட்டது பார்த்தீர்களா?

என்னை அப்படிப் பார்க்காதீர்கள். இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து உங்களுக்கு ஒருவருடைய முகம் நினைவில் வந்துகொண்டே இருக்கிறது. அவர் அவசியம் படிக்க வேண்டும், அவருக்கு இது நன்றாக உறைக்கும் என்று உங்கள் கட்டைவிரல் இதற்குள் அவர் எண்ணைத் தேட ஆரம்பித்திருக்கும்.

அனுப்புங்கள். மணி என்ன ஆகிறது என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.