அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பதிகம்

ஊர்வலத்தில் ஓடாமல் உற்றதுணை நின்றருள்வாய்
ஆர்வலர்க் கானை முகா.

இந்தக் காப்புச் செய்யுள் அடியேன் இயற்றியது. ‘ஓடாமல்’ என்னும் சொல்லை மோனைக்காக வைத்ததாக எண்ணிவிட வேண்டாம். அது வயிறெரிந்து வைத்த சொல்.

இன்று வெள்ளிக்கிழமை, வளர்பிறைச் சதுர்த்தி. கெட்டுப்போன காரியத்தை எழுதுவதற்காவது நல்ல நாள் வேண்டும் என்று பஞ்சாங்கம் பார்த்தே அமர்ந்திருக்கிறேன். (அந்தக் காரியத்தையும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் செய்தோம் என்பதை நினைக்கும்போது எழுதும் கை சற்றுத் தயங்குகிறது.) சொல்ல வந்த உண்மை இதுதான்: பாட்டு எழுதுகிறவனை டீசல் எஞ்சின் தேர்ந்தெடுக்க அனுப்பக் கூடாது. அனுப்பினார்கள். தேர்ந்தெடுத்தேன்.

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையை ஒட்டி, தாமிரபரணிக் கரையில் இருக்கிறது எங்கள் சிற்றூர். ஊர் முருகனுக்குத் தைப்பூசத்தையொட்டிப் பத்து நாள் திருவிழா, நாள்தோறும் வீதியுலா, பத்தாம் நாள் உச்சிப் பொழுதுக்குள் ஆற்றில் தீர்த்தவாரி. சுவாமியைத் தோளில் சுமக்கப் போதிய ஆள் இல்லாமையால் ஒரு டிராக்டரின் பின்னால் சப்பரம் பூட்டி உலா நடத்திவந்தோம். சப்பரத்துக்குப் பின்னே பதிகம் பாடிச் செல்லும் அடியார் குழுவுக்கு அடியேன் தலைவன். தலைவன் என்றால், டிராக்டரின் புகை முதலில் யாருக்கு வருமோ அவன்.

பணி ஓய்வுக்குப் பின் இரண்டு ஆண்டுகள் இழைத்து இழைத்து, எங்கள் ஊர் முருகன்மீது பதினொரு பாடல் கொண்ட பதிகம் ஒன்று இயற்றியிருந்தேன். ஒரு தைப்பூசத்தன்று கோயில் வாசல் தொடங்கி ஆற்றுத்துறைவரை அதை அடிமாறாமல் பாடி முடித்து, தொண்டை கட்டி நின்றேன். தர்மகர்த்தா கோமதிநாயகம் அண்ணாச்சி அருகே வந்து பரிவோடு கேட்டார்.

“என்னவே, இந்த வருசம் நீரு பாடலியா?”

டிராக்டரின் முழக்கத்தில் பதினொரு பாடலும் கரைந்துவிட்டன. என் பதிகத்தை ஊரார் ஒருமுறையேனும் காதால் கேட்க வேண்டும் என்பதைத் தவிர முருகனிடம் நான் எதையும் கேட்டதில்லை. ஆகவே, டிராக்டர் முற்றிலும் படுத்துவிட்டது, இனி ஒரு பிக்கப் வண்டி வாங்கி அதன்மேல் சப்பரத்தைப் பூட்டிவிடலாம் என்று ஊர்க் கூட்டத்தில் முடிவானபோது, வண்டி பார்க்கும் பொறுப்பை முதலில் கைதூக்கி ஏற்றவன் நான்தான்.

திருநெல்வேலியை ஒட்டிய பேட்டையில் இரண்டு வண்டிகளைப் பார்த்தோம். நாங்கள் என்றால் தர்மகர்த்தா, ஓட்டுநர் சுடலைமுத்து, அடியேன். முதலாவது, வேறொருவர் ஓட்டிய பழைய வண்டி. இரண்டரை லிட்டர் எஞ்சின். கிளட்சை மிதித்துக் கையால் மாற்றும் ஐந்து கியர். சாவியைத் திருப்பியவுடன் கூரைமேல் இருந்த காக்கைகள் இடம் பெயர்ந்தன. இரண்டாவது புத்தம் புதியது. எஞ்சின் சிறியது, ஆனால் டர்போ பூட்டியது, கியர் தானாகவே மாறிக்கொள்ளும், ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் புகைக்குழாயில் கரியை வடிகட்டும் பில்டர் ஒன்று இருப்பதாகவும், புகையே வராது என்றும் விற்பனையாளர் சொன்னார். (அந்தப் பில்டரைப் பற்றி அவர் இன்னும் என்னென்னவோ சொன்னார். ‘புகை வராது’ என்பதோடு என் செவி நிறைந்துவிட்டது.)

பழையதில் இழுவை மிகுதி, நின்ற நிலையிலேயே இழுக்கும். புதியதில் சக்தி மிகுதி, வேகம் எடுத்தபின் இழுக்கும் என்று அவர் விளக்கினார். நாங்கள் மூவரும் மூன்று வெவ்வேறு வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தர்மகர்த்தாவுக்கு, எதிர்க்கரை அம்மன் கோயில் வண்டியைவிடக் குதிரைசக்தி ஒன்றாவது கூடுதலாக இருக்க வேண்டும். சுடலைமுத்துவுக்கு இடது முழங்காலில் வலி. கிளட்ச் இல்லாத வண்டி என்றவுடன் அவர் முகத்தில் தைப்பூசத்துக்கு முன்பே நிலவு உதித்தது. அடியேன் செய்த ஆராய்ச்சியோ இலக்கண முறைப்படி அமைந்தது. ஒவ்வொரு வண்டியையும் ஓடவிட்டு, அதன் பின்புறம் நின்று ஒரு பாடல் பாடினேன். தர்மகர்த்தா இருபது அடி தள்ளி நின்று, சொற்கள் விளங்குகின்றனவா என்று சைகை காட்ட வேண்டும். பழைய வண்டியில் அவர் கையை விரித்தார். புதிய வண்டியில் தலையை ஆட்டினார். விற்பனையாளர் நான் வண்டிக்கு ஆசி வழங்குவதாகக் கருதிக் கைகூப்பி நின்றார்.

பிறகு புதிய வண்டியை நான்குவழிச் சாலையில் எண்பதில் ஓட்டிப் பார்த்தோம். அன்னம்போல் சென்றது. வாழ்நாள் முழுவதும் நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் நடக்கப்போகும் வண்டியை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வண்டி வந்த அன்று பூசை. ஓட்டுநருக்கு முன்னுள்ள, வேகம் காட்டும் கண்ணாடிப் பலகை விளக்குகளும் முள்ளுமாய் வெறுமையாக இருந்தது என் கண்ணுக்குப் பொறுக்கவில்லை. திருநீற்றைக் குழைத்து அதன்மேல் மூன்று பட்டை இட்டு, நடுவில் சந்தனமும் குங்குமமும் கெட்டியாக வைத்தேன்.

கொடியேறியது. முதல் நாள் உலாவில் அடியார்கள் பாடிய பழைய பதிகம் தெருவெங்கும் கேட்டது. வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற என் மனைவி சிவகாமி, “இன்னைக்கு நீங்க பாடுனது அடுப்படி வரைக்கும் கேட்டுது” என்றாள். (“மூணாவது அடியில சுதி வெலகிட்டு” என்றும் சேர்த்தாள். அதுவும் கேட்டிருக்கிறதே என்று மகிழ்ந்தேன்.) என் பதிகத்தைப் பத்தாம் நாளுக்கென்று பத்திரப்படுத்தியிருந்தேன்.

நான்காம் நாள் ஓர் அற்புதம். திருநீற்றுப் பட்டையின் நடுவே, குங்குமத்துக்குள்ளிருந்து செம்பொன்னாய் ஒரு சுடர் தோன்றியது. சுடலைமுத்து வண்டியை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அண்ணாச்சி, சாமி கண்ணு தொறந்துட்டாரு” என்றார். நெற்றிக்கண்! தந்தையின் நெற்றிக்கண்ணில் தோன்றிய பொறியல்லவா எங்கள் முருகன்? அந்தப் பொருத்தத்தை ஊருக்கு எடுத்துரைத்தவன் நானே. ஐந்தாம் நாள்முதல் சுவாமியைக் கும்பிட்டவர்கள் ஓட்டுநர் இருக்கைக்கும் சுற்றிவந்து ஒரு கும்பிடு போட்டார்கள். யாரோ கற்பூரம் காட்டினார்கள். நான் அந்தக் கண்ணைச் சிறப்பித்து வெண்பா ஒன்று பாடினேன். இப்போது அதைச் சொல்லிக் காட்டமாட்டேன்.

பத்தாம் நாள் காலை சுவாமி தீர்த்தவாரிக்குப் புறப்பட்டார். பச்சைப் பட்டு, வெள்ளிக்குடை, சப்பரத்தின்மேல் சாமரம் வீசியபடி அர்ச்சகர் சங்கர பட்டர். உச்சிக்குள் சுவாமி துறை சேர வேண்டும். அதன்பின் பூசம் கழிந்துவிடும். துறையில் ஊரே காத்திருந்தது. நான் கண்ணை மூடி என் பதிகத்தின் முதற்பாடலைத் தொடங்கினேன். தெரு அமைதியாகக் கேட்டது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு தெருவை நான் கண்டதில்லை. முதற்பாடல் முடிந்தது. இரண்டாம் பாடலின் முதலடியில், வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில், வண்டி பெருமூச்சு விட்டு நின்றது. மறுபடி நகர்ந்தது; எறும்பு அதைத் தாண்டிப் போனது.

வண்டி வாங்கிய இடத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த பெண்மணி, என்ன விளக்கு எரிகிறது என்று கேட்டார். நெற்றிக்கண் என்று சொல்ல நா எழவில்லை.

“ஒண்ணு எரியுதும்மா. பத்து நாளா… ஆறு நாளா எரியுது.”

“மஞ்சளா சார், சிவப்பா?”

“குங்குமம் வச்சிருக்கு. எல்லாம் செவப்பாத்தான் தெரியுது.”

அதைத் துடைக்கச் சொன்னார் அவர். அங்கவஸ்திரத்தின் நுனியால் துடைத்தேன். திருநீறு போயிற்று, சந்தனம் போயிற்று, குங்குமம் போயிற்று. ஆறு நாள் கற்பூரம் ஏற்ற நெற்றிக்கண், ஒரு சிறு பெட்டியும் அதற்குள் சில புள்ளிகளுமாய் நின்றது. கரி பில்டர் அடைத்துக்கொண்டதற்கான எச்சரிக்கை என்றார் அவர். வண்டியை வேகமாக ஓட்டினால்தான் அந்தக் கரி எரிந்து போகுமாம். பத்து நாளாய் நடையிலேயே ஓட்டினால் அடைக்காமல் என்ன செய்யும் என்று கேட்டார்.

“கையில போடுற கியர்னா கீழ் கியர்லயே வச்சு எஞ்சினைச் சூடேத்திக்கிட்டே மெதுவாப் போயிரலாம் சார். உங்களது தானா மேல் கியருக்குப் போயிரும். அதனால அறுபதுக்குக் குறையாம, இருபது நிமிஷம் நிறுத்தாம ஓட்டணும். இப்படியே ஊர்ந்தீங்கன்னா வண்டி ஒரேயடியா நின்னுரும்.”

என் செவிக்கு இனிமை என்று நான் கொண்டாடிய எஞ்சினும், சுடலைமுத்துவின் முழங்காலுக்கு இதம் என்று நாங்கள் கொண்ட கியரும் கைகோத்துக்கொண்டு எங்களைக் கைவிட்டன.

சுவாமியை இறக்கி வைத்துவிட்டு ஓட்டி வரலாமே என்றேன். மேலிருந்து சங்கர பட்டர் உறுதியாகச் சொன்னார்: “பொறப்பாடு ஆயாச்சு. தீர்த்தம் ஆடாம எறக்கப்படாது அண்ணாச்சி.” பதிகம் தொடங்கியாயிற்று, பாதியில் விடக்கூடாது என்று என் பங்குக்கு நானும் ஒரு விதியைச் சொல்லித் தொலைத்தேன். தர்மகர்த்தா என்னைப் பார்த்த பார்வையை முருகன் சூரனைப் பார்த்த பார்வைக்கு ஒப்பிடலாம்.

“நீரு பாட்டு வச்சுப் பொறுக்குன வண்டிதானவே? ஏறும்.”

ஏறினேன். பாலத்து இறக்கத்தில் நால்வர் தள்ளிவிட்டார்கள். திருச்செந்தூர் சாலையில் வண்டி திரும்பியது. நாற்பது, ஐம்பது, அறுபது. நாதஸ்வர ஓசை பின்னால் எங்கேயோ ஒரு புள்ளியாகி மறைந்தது. வெள்ளிக்குடை மேல்நோக்கி மலர்ந்து தாமரை ஆயிற்று. சங்கர பட்டர் சாமரத்தைக் கைவிட்டுச் சப்பரக் காலைக் கட்டிக்கொண்டார். நான் சுவாமியின் திருவடியருகே மண்டியிட்டு, ஒரு கையால் கயிற்றைப் பற்றி, இரண்டாம் பாடலை எடுத்தேன். வாயைத் திறந்தால் காற்று உள்ளே போயிற்று. பாட்டு வெளியே வர இடம் இல்லை. பேட்டையில் மூச்சு விடாமல் இருந்த அந்த எஞ்சின், அறுபதில் டிராக்டருக்கு அண்ணனாக முழங்கியது.

தைப்பூசமாதலால் சாலையோரம் முழுவதும் பச்சை ஆடை அணிந்த பாதயாத்திரை அடியார்கள் திருச்செந்தூர் நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். யாரைக் காண நடக்கிறார்களோ அவர் பின்னாலிருந்து வந்து அவர்களை முந்திக்கொண்டு போனார். ‘அரோகரா’ என்று தொடங்கியவர்கள் ‘கரா’ சொல்லும்போது நாங்கள் அடுத்த கூட்டத்தில் இருந்தோம். இரண்டு ஆண்டுகள் இழைத்த என் பதிகம், கூட்டத்துக்கு ஓர் எழுத்து வீதம் அந்தச் சாலையில் விநியோகம் ஆயிற்று. ஒரு பேருந்து எங்களோடு இணையாக வந்தது. பயணிகள் சன்னல் வழியே கும்பிட்டார்கள். ஓர் அம்மாள் கையை நீட்டித் திருநீறு கேட்டார். பட்டர் கண்ணைத் திறக்கவே இல்லை.

வண்டியைத் திருப்புவதற்காக ஓர் இடத்தில் வேகம் தணிந்தது. மோர்ப் பந்தலில் இளைப்பாறிக்கொண்டிருந்த காவடிக்காரர் ஒருவர், முருகன் திருச்செந்தூருக்கு முதுகு காட்டித் திரும்புவதைக் கண்டு திகைத்து எழுந்தார்.

“ஏ முருகா! ஒன்னையப் பாக்கத்தான் நாங்க அங்கன நடக்கோம். நீ இங்கன எங்க ஓடுத?”

உலகையே சுற்றிய பழக்கம் உடையவராதலால் சுவாமி புன்னகை மாறாமல் இருந்தார். நான் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வருகையில், ஊர் எல்லைக்குச் சற்று முன்பாக, “அணைஞ்சிட்டு அண்ணாச்சி, கண்ணு அணைஞ்சிட்டு” என்று சுடலைமுத்து குரல் கொடுத்தார். நெற்றிக்கண் அணைந்ததற்கு மகிழ்ந்த அடியார்கள் சைவ உலகில் நாங்கள் இருவராகவே இருப்போம். துறையை அடைந்தபோது சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. சுவாமியின் கழுத்து மாலையில் நார் மட்டும் மிஞ்சியிருந்தது. சுவாமி ஆற்றில் இறங்கினார், ஊரே முழுகியது. பூசம் கழியுமுன் தீர்த்தவாரி முடிந்தது. பதிகத்தின் கடைசிப் பாடலை வண்டி நிற்பதற்கு முன்பே முடித்திருந்தேன்.

கரையேறியதும் சங்கர பட்டரை ஒதுக்குப்புறமாக அழைத்தேன். பதினொரு பாடலையும் மூன்றடித் தொலைவில் இருந்து கேட்டவர் அவர் ஒருவர்தானே? எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“எது?” என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, “வாய் அசைஞ்சுது, பாத்தேன். பயத்துல முருகா முருகாங்கறேள்னு நெனச்சேன்” என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். மறு ஆண்டு, வழியே போன யாத்திரிகர்கள் ஊருக்குள் வந்து, ‘ஓடுற முருகன் எப்ப வருவாரு?’ என்று கேட்டுச் சாலையோரம் இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். பில்டருக்கும் ஓர் ஓட்டம் தேவைப்பட்டது. இப்போது திருவிழா அழைப்பிதழில் பத்தாம் நாளுக்கு நேரே ‘சுவாமி விரைவுத் திருவுலா’ என்று அச்சடிக்கிறார்கள். அதன்கீழ் ‘பதிகம்’ என்று போட்டு என் பெயர். நாங்கள் வேண்டாம் என்ற பழைய வண்டியை எதிர்க்கரை அம்மன் கோயிலார் தங்கள் வண்டியைத் தள்ளிவிட்டு வாங்கினார்கள். அது இரைந்துகொண்டே அழகாக நடக்கிறது. நான் ஆண்டுதோறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அறுபதில் பாடுகிறேன். என் இரண்டாம் பாடலை இதுவரை கேட்டவர் முருகன் ஒருவரே. அவரும் கருத்து எதுவும் சொன்னதில்லை.

வீட்டில் வேறொரு கொடுமை நிலைத்துவிட்டது. நான் எதற்காவது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால், சிவகாமி என் நெற்றித் திருநீற்றை உற்றுப் பார்க்கிறாள். “வெளக்கு எரியுது. ரோட்டுல ஒரு இருவது நிமிசம் வேகமாப் போயிட்டு வாங்க” என்கிறாள். மருமகள் சிரிக்கிறாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறேன். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. திரும்பி வரும்போது சரியாகத்தான் இருக்கிறது.

இதனைப் படித்தோரும், படிக்கக் கேட்டோரும், பாதியில் மூடி வைத்தோரும் நலமே வாழ்க. உங்கள் வண்டியில் எரியக் கூடாத விளக்குகள் அணைந்திருக்க, வீட்டில் அணையக் கூடாத விளக்குகள் எரிந்திருக்க, நீங்கள் பாடுவது எதுவாயினும் அடுத்திருப்பவர் செவியில் விழ, ஓடும் முருகன் ஒரு நொடி நின்று அருள்வானாக.