ஓட்டைக் காலணா வேண்டுதல்

தீப்பெட்டியைத் தேடித்தான் வீரமலை சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டார். கையில் வந்தது ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அமுக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு காசு, காசைச் சுற்றி மிளகு.

அவருக்குப் பகீரென்றது.

வெறும் காசாக இருந்தால் ஏதோ ஒரு சாமிக்கு என்று விட்டுவிடலாம். மிளகு சேர்த்து முடிவது அவர் மனைவி வெள்ளையம்மாளின் பிறந்த வீட்டு வழக்கம். கொல்லிமலைக் காட்டுக்குள் இருக்கும் அவர்களுடைய குலதெய்வம் பெரியசாமிக்கு அப்படித்தான் முடிந்து வைப்பார்கள். வேண்டியது கிடைத்ததும் புருஷனும் பெண்சாதியும் வீட்டு வாசலிலிருந்து மலை உச்சி வரை நடந்தே போகவேண்டும். அவரவர் மூட்டையை அவரவரே சுமக்கவேண்டும். முடிச்சு உண்டியலில் விழும் வரை அதைப் பற்றி ஒருவரை ஒருவர் வாயைத் திறந்து கேட்கக்கூடாது, கேட்டால் பலன் போய்விடும். இந்தப் பெருமையை வெள்ளையம்மாள் அவரிடம் மட்டுமா சொன்னாள்? திருவானைக்காவலில் அவர்கள் இருந்த வீட்டின் பக்கத்துக் குடித்தனக்காரி மயிலம்மாளுக்கும் அது மனப்பாடம்.

வீரமலை பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். இரும்பைத் தூக்கச் சொன்னால் தூக்குவார். நடக்கச் சொன்னால் மட்டும் ஆகாது. தெருமுனை வெற்றிலைக் கடைக்கே சைக்கிளில்தான் போவார்.

ஆனாலும் யோசித்தபோது மனசு இளகியது. போன புரட்டாசியில் காய்ச்சலில் அவர் கண் திறக்காமல் கிடந்தார். வெள்ளையம்மாள் அன்ன ஆகாரமில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் முடிந்திருப்பாள். தனக்காக ஒருத்தி மலையேறுகிறேன் என்று சொல்லியிருக்கும்போது தான் நடக்கமாட்டேன் என்றால் அது மனுஷத்தனமா?

முடிச்சின் ஓரத்தை லேசாகத் தளர்த்திக் காசைப் பார்த்தார். ஓட்டைக் காலணா. நயா பைசா வந்த பிறகு கடைக்காரன் கையால் தொடாத காசு. தன் உயிரின் மதிப்பு இவ்வளவுதானா என்று கொஞ்சம் வருத்தமாக இருந்தது. சிக்கனக்காரி, என்ன செய்வது என்று தேற்றிக்கொண்டு இருந்த இடத்திலேயே வைத்தார்.

சாப்பிடும்போது பேச்செடுத்தார். அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை. மற்ற நாளாயிருந்தால் அதற்கே தெரு கூடியிருக்கும்.

"லீவு கொஞ்சம் மிச்சம் இருக்கு. உங்க குலசாமியப் பார்த்துட்டு வருவோமா?"

வெள்ளையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "போவோங்க."

"நடந்தா?" என்று ஒரு நப்பாசையோடு கேட்டார்.

"நடந்துதானே போவணும்," என்றாள் அவள், ரொம்ப மெதுவாக.

அவள் மெதுவாகப் பேசியதே அந்த வீட்டில் ஒரு அதிசயம். இருவரும் சண்டை போட்டால் ஜம்புகேஸ்வரர் கோயில் யானை பிளிறுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். மயிலம்மாளின் மகள் வள்ளிக்கண்ணுவைப் பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜியை வாயில் வைத்த நேரத்தில்தான் இங்கே இடுக்கியைத் தொலைத்தது யார் என்ற விசாரணை நடந்தது. விசாரணையில் வீசப்பட்ட பித்தளைச் சொம்பு பொது முற்றத்தில் உருண்டு போய் மாப்பிள்ளையின் மாமா காலில் விழுந்தது. அவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அதற்கு முந்திய சம்பந்தமும் ஏறக்குறைய அப்படித்தான் போனது. மயிலம்மாள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. தங்கமான மனுஷி என்று வீரமலை அடிக்கடி சொல்வார்.

நடைப்பயணம் என்றதும் அதிகம் சந்தோஷப்பட்டதும் அந்த மயிலம்மாள்தான். தானே புளிச்சோறு கிளறிக் கட்டிக்கொடுத்தாள்.

"பதறாம நடங்க தம்பி. வெள்ளையம்மா, நல்லா உக்காந்து உக்காந்து போ. ரெண்டு நாள் கூட ஆனாலும் ஆவட்டும். வீட்ட நான் பாத்துக்கறேன்."

வள்ளிக்கண்ணு வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

ஜங்ஷனில் பட்டாளத்துக்காரர்கள் முதுகில் பை மாட்டிக்கொண்டு போவதை வீரமலை பார்த்திருக்கிறார். அதைப் போலவே பழைய கித்தான் வாங்கி இரண்டு முதுகுப் பைகளைத் தாமே தைத்திருந்தார். கொள்ளிடம் பாலத்தில் ஏறுவதற்குள் வார் தோளை அறுக்க ஆரம்பித்தது. துண்டை மடித்து அடியில் வைத்தார். துண்டு நழுவியது. நழுவாமலிருக்கக் கயிற்றால் மார்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். மண்ணச்சநல்லூரில் மரத்தடியில் உட்காரப் பார்த்தபோது, வேர்வையில் ஊறிய கயிறு அவிழ மறுத்தது. ஃபிட்டர் போட்ட முடிச்சு, சாமானியத்தில் அவிழுமா?

"கொஞ்சம் இருங்க," என்று வெள்ளையம்மாள் தன் பையிலிருந்து அரிவாள்மணையை எடுத்தாள்.

"மலைக்கு அரிவாள்மணையா?" என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். வேண்டுதல்காரியைக் கோபித்துக்கொள்ளலாமா?

அவள் கயிற்றை அறுத்தாள். கூடவே வாரும் அறுந்தது. அங்கிருந்து வீரமலை பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

அடுத்தது செருப்பு. இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய டயர் செருப்பு குதிகாலில் கொப்புளம் போட்டது. வெள்ளையம்மாள் விளக்கெண்ணெய் தடவினாள். எண்ணெயில் கால் வழுக்கி, செருப்பு ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் போனார்கள். செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். தலைச்சுமை கூடியது, காலில் முள்ளும் ஏறியது. எவ்வளவு நடந்து திரும்பிப் பார்த்தாலும் மலைக்கோட்டை மட்டும் அங்கேயே உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் துறையூரில் பஸ் ஸ்டாண்டைக் கடக்கவேண்டியிருந்தது. திருச்சி போர்டு மாட்டிய பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் கூப்பிட்ட குரல் மாமியார் வீட்டு விருந்து அழைப்பு மாதிரி கேட்டது. வீரமலை பஸ்ஸைப் பார்த்தார். பிறகு வெள்ளையம்மாளைப் பார்த்தார். அவளும் பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கற?"

"ஒண்ணுமில்லீங்க. கூட்டமே இல்ல பாருங்க."

"ஆமா. ஜன்னலோரமே கெடைக்கும்போல."

இருவரும் பெருமூச்சு விட்டுவிட்டு உப்பிலியபுரம் ரோட்டில் திரும்பினார்கள்.

புளியஞ்சோலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு முழங்கால் இரண்டும் சொந்தமில்லாமல் போயிருந்தன. ஆற்றைக் கடந்ததில் வெள்ளையம்மாளின் மாற்றுச் சேலை நனைந்தது. பாறையில் விரித்துப் போட்டுவிட்டு மயிலம்மாளின் புளிச்சோற்றில் கடைசிக் கவளத்தைச் சாப்பிட்டார்கள். தேன் எடுத்துக்கொண்டு மலையிறங்கிய ஒருவர், "பெரிய பாதைய விட்டு வெலகாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய பாதை சுவர் மாதிரி நின்றது. பக்கத்திலேயே ஒரு ஆட்டுத்தடம் நோகாமல் வளைந்து போனது.

"இது குறுக்கு வழி. ரயில்வேக்காரனுக்கு லைன் பாக்கத் தெரியாதா?" என்றார் வீரமலை.

ஆட்டுத்தடம் ஏறியது, இறங்கியது, புதருக்குள் புகுந்தது. வெயில் சாயும்போது தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஒரு பாறையில் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது.

"பாத்தியா, வழி சரிதான். நமக்கு முன்னாடியே யாரோ வந்து சேலை காயப்போட்டிருக்காங்க. உன் சேலை மாதிரியே இருக்கு."

"என் சேலைதாங்க அது," என்றாள் வெள்ளையம்மாள். "அவசரத்துல எடுக்க மறந்துட்டேன்."

வீரமலை தலையைக் குனிந்துகொண்டார். இனி காடு அதிரும் என்று காத்திருந்தார்.

"பரவால்லீங்க. மறந்த சேலை கெடைச்சாச்சே. காலைல பெரிய பாதைலயே போவோம்," என்றாள் அவள்.

உப்புக்கும் இடுக்கிக்கும் ஊரைக் கூட்டியவளா இவள்? இப்படி ஒருத்தியோடு இத்தனை வருஷம் எதற்காகச் சண்டை போட்டோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. காலையில் பெரிய பாதையில் ஏறும்போது அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்தார். அவள் பையை வாங்கக்கூடாது, அது வழக்கத்துக்கு விரோதம். அதனால் ஒரு கையால் தம் தலைச்சுமையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் பையைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டே ஏறினார். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வழியில் பெய்த மழையைக்கூட அவர் திட்டவில்லை.

கோயில் என்பது நாலைந்து வேலும், ஒரு மண் குதிரையும், ஓட்டுக் கூரையும்தான். புறப்படும்போது சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துச் செருகியிருந்த முடிச்சை வீரமலை மடியிலிருந்து எடுத்து, இருவர் கையும் பட உண்டியலில் போட்டார்.

"முடிஞ்சுது. இப்பச் சொல்லு. என் காய்ச்சலுக்குத்தானே வேண்டினே?"

வெள்ளையம்மாள் விழித்தாள். "நானா? நீங்கதானே வேண்டினீங்க. நான் கெணத்தடில விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டப்ப."

"நான் வேண்டலியே."

"நானும் வேண்டலீங்க. படத்தத் தொடைக்கறப்ப முடிச்சப் பாத்தேன். எனக்காக மனுஷன் நடக்கறேன்னு முடிஞ்சிருக்காரேன்னுதான் வாயத் தெறக்காம வந்தேன்."

"அப்ப, நான் சாவக் கெடந்தப்ப நீ ஒண்ணுமே வேண்டிக்கலியா?"

"வேண்டாம இருப்பனா? சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். பஸ்ஸுலயே போயி முடிச்சுட்டு வந்துட்டேன்."

வீரமலை தம் குதிகாலைப் பார்த்தார். அவள் தன் தோளைப் பார்த்தாள். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. மண் குதிரைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"அப்ப இத யாரு முடிஞ்சது?" என்றார் வீரமலை, சிரிப்பு அடங்கியதும்.

கேட்டுக்கொண்டிருந்த பூசாரி திருநீற்றைப் பூசிவிட்டார். "யாரு முடியணும்? கூப்பிடணும்னு சாமிக்குத் தோணுச்சு, கூப்பிட்டுருச்சு."

வீரமலைக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீடு தேடி வந்து சாமி அழைத்த குடும்பம். செல்லாத காசில் அழைத்தது பற்றி அவர் மேலும் யோசிக்கவில்லை.

இறக்கம் பஸ்ஸில். அதை வழக்கம் தடுக்கவில்லை. இருவரும் ஜன்னலோரத்துக்கு மாறி மாறி விட்டுக்கொடுத்துக்கொண்டு வந்தார்கள்.

திருவானைக்காவல் வீட்டு முற்றத்தில் மயிலம்மாள் தட்டு நிறைய லட்டோடு எதிரே வந்தாள்.

"வாங்க தம்பி. வள்ளிக்கண்ணுக்கு முடிஞ்சுபோச்சு. வியாழக்கிழமை வந்து பாத்தாங்க, அன்னிக்கே தாம்பூலம் மாத்தியாச்சு. ஆவணில கல்யாணம். இதே முற்றத்துலதான் பந்தல்."

"எல்லாம் பெரியசாமி செயல் அக்கா," என்று வெள்ளையம்மாள் முடிச்சின் மகிமையை விவரித்தாள். சாமியே முடிந்து வைத்ததைக் கேட்டபோது மயிலம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் வேகமாகவே போட்டுக்கொண்டாள்.

வீரமலை தங்கள் குடித்தனத்துக் கதவருகே போய் நின்றார். "சாவி எங்க?"

"உங்க பைல."

"என் பையிலயா? உன்கிட்டதானே குடுத்தேன்."

"குடுத்தீங்க, திருப்பி வாங்கிப் பைல போட்டீங்க. பையத் தலைல கவுத்துக்கிட்டு நடந்தா சாவி நிக்குமா?"

"அரிவாள்மணைய எடுத்து வார அறுத்தது யாரு?"

"ஆட்டுத்தடத்துல லைன் பாத்தது யாரு?"

குரல்கள் ஏறின. பையிலிருந்த சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பித்தளைச் சொம்பு ஒன்று பழக்கப்பட்ட பாதையில் முற்றத்தைக் கடந்து உருண்டு போய் மயிலம்மாளின் வாசற்படியில் முட்டி நின்றது.

உள்ளேயிருந்து வள்ளிக்கண்ணுவின் குரல் நிதானமாகக் கேட்டது.

"அம்மா, பந்தக்கால் நடறதுக்கு முன்னாடி இன்னொரு ஓட்டைக் காலணாவும் முடிஞ்சு வச்சிரும்மா. அஞ்சறைப் பெட்டில இன்னும் மிளகு இருக்கு."