தண்ணீர் வேண்டாத ஃப்ளோட் அண்ணாச்சி

திருப்பூரிலேயே தண்ணீரைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிற ஒரே ஆள் ஃப்ளோட் அண்ணாச்சிதான். பிழைப்பு என்னவோ தண்ணீரில்தான்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு மேஜை போட்டு, பனியன்களை அயர்ன் செய்து கொடுக்கிறோம். பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு சின்ன கரண்ட் பாய்லர். அதன் ஆவியில்தான் தேய்ப்பு. தண்ணீர் குறைந்தால் பம்ப் தானாக ஓடும், நிறைந்தால் தானாக நிற்கும், நீங்கள் காலை நீட்டித் தூங்கலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். உள்ளே மிதக்கிற ஃப்ளோட்தான் அந்த வேலையைப் பார்க்க வேண்டும். எங்கள் போர் தண்ணீர் உப்புக்கு அது எங்கே மிதக்க? உப்பு அப்பிக்கொண்டு, போன இடத்திலேயே நின்றுவிடும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், பாய்லர் கழுத்துவரை நிரம்பும், அயர்ன் பாக்ஸ் ஆவிக்குப் பதில் தண்ணீரைத் துப்பும். வெள்ளைப் பனியனில் பழுப்புக் கறை விழுந்து பீஸெல்லாம் திரும்பி வரும். என் மனைவி சரசு என்னைத் திட்டுவாள். நான் ஃப்ளோட்டைச் சரிபண்ணுகிற மெக்கானிக் அண்ணாச்சிக்குப் போன் போடுவேன்.

அண்ணாச்சி தெற்கே திருநெல்வேலிப் பக்கம். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பட்டன் போட்டுக்கொண்டு மொபெட்டில் வருவார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாயைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்ப்பார். அப்புறம் ஒரே வார்த்தை: "தேறாது."

எதைப் பார்த்தாலும் தேறாதுதான். ரோட்டைப் பார்த்துச் சொல்வார், வானத்தைப் பார்த்துச் சொல்வார். என் மச்சான் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோதுகூட, பொண்ணு மாப்பிள்ளை பேரை நிதானமாகப் படித்துவிட்டு அதையேதான் சொன்னார். சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுப்பார். பாய்லர் மட்டும் ஒவ்வொரு தடவையும் தேறிவிடும்.

எங்கள் பக்கம் யார் வந்தாலும் முதலில் தண்ணி. மற்ற பேச்செல்லாம் அப்புறம். வேண்டாம் என்றால் மனசில் ஏதோ பகை என்று அர்த்தம். அண்ணாச்சி முதல் நாளே சரசு நீட்டிய சொம்பைத் தள்ளிவிட்டார்.

"வேண்டாம்மா."

"வெயில்ல வந்திருக்கறீங்க, ஒரு வாய் குடிங்க அண்ணாச்சி."

"வேண்டாம்னு சொல்லுதேம்லா."

அதோடு விட்டாரா? வேலை முடிந்ததும் கொல்லைக் குழாயில் ஒரு கை அள்ளி, வாயில் வைத்து ரொம்ப நேரம் கொப்பளித்து, ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாமல் துப்பினார். சரசு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, நம்மூட்டுத் தண்ணிய வாயில வெச்சுத் துப்பறாருங்க அந்த மனுசன். நாம என்னங்க பண்ணுனோம்?"

நான் என்னத்தைக் கண்டேன்? வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பார்த்தோம். அவர் கை வைத்ததில் இரண்டு மேஜைக்கும் சேர்த்து ஃப்யூஸ் போனது. மறுபடி அண்ணாச்சி. மறுபடி சொம்பு, மறுபடி வேண்டாம். சரசுவும் விடவில்லை. மோர், இளநீர், சுக்குக் காப்பி என்று விதவிதமாக நீட்டுவாள். அவர் பாம்பைக் கண்ட மாதிரி நகர்ந்துகொள்வார்.

ஒரு நாள் காலையில் பார்த்தால், ராத்திரி பூரா பம்ப் அணைந்தே இருந்தும் பாய்லர் நிரம்பி நிற்கிறது. அண்ணாச்சி வந்தார், வாளியில் உட்கார்ந்தார்.

"சூடு ஆறும்போது உள்ள இழுவை வரும். வால்வும் சரியா மூடல. அதான் ராத்திரி பூரா டேங்கில இருந்து உறிஞ்சிக் குடிச்சிருக்கா." பாய்லரை ஒரு தட்டுத் தட்டினார். "குடுத்து வச்சவ."

சொல்லிக்கொண்டே ஈரமான சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரிப் புடைத்து, ஊசி குத்திய தழும்பாக இருந்தது. மோர் டம்ளரோடு வந்த சரசு அப்படியே நின்றுவிட்டாள்.

"கிட்னி போச்சும்மா. வாராவாரம் டயாலிசிஸ். காப்பி, கொழம்பு, ரசம் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு அளந்து வச்சிருக்காங்க. அதுக்கு மேல குடிச்சா மூச்சு முட்டிரும். நாக்கு வறண்டா கொப்பளிச்சுத் துப்பிக்கிடுவேன்."

"ஏனுங்க அண்ணாச்சி, மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லங்க?"

"சீக்காளின்னு தெரிஞ்சா யாரு வேலைக்குக் கூப்பிடுவா?"

அன்றிலிருந்து சரசு அடியோடு மாறிப்போனாள். அவர் வருகிறார் என்றால் வாசல் குடத்தை உள்ளே தூக்கி வைப்பாள். அயர்ன் மேஜைக்காரர்கள் அவர் எதிரில் தண்ணீர் குடித்தால் முறைப்பாள். கிளம்பும்போது ஒரே ஒரு ஐஸ் கட்டியைத் தட்டில் வைத்துக் கொடுப்பாள். "இது என்ன, குருவிக்கா?" என்று முறைத்துவிட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார்.

போன கோடையில் ஒரு மத்தியானம் ஃப்ளோட்டைக் கழற்றி, உப்பைச் சுரண்டி, பளபளவென்று துடைத்து மாட்டினார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. வாளியைவிட்டு எழுந்திருக்காமல் சரசுவைக் கூப்பிட்டார்.

"ஒரு சொம்பு தண்ணி தாம்மா."

ஒரு காலத்தில் அவள் கேட்க ஏங்கிய வார்த்தை. சரசு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாட்டேனுங்க அண்ணாச்சி."

"ஒரு சொம்புதானே கேக்குதேன்."

"உங்களுக்கு ஆகாதுங்க. ஐஸ் தர்றனுங்க."

ஐஸ் கட்டியை வாங்கிக்கொண்டார். கோபமில்லை. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் சரியாக நிற்பதைப் பார்த்து, "இனி ஓடும்" என்றார். தேறாது என்று சொல்லாதது அன்றைக்குத்தான்.

அடுத்த மாதம் போன் போட்டேன். அவர் வீட்டம்மாதான் எடுத்தார். "அவுக போயிட்டாகய்யா" என்றார்.

சரசு அன்றைக்குச் சாப்பிடவில்லை. "ஒரு வாய் குடுத்திருக்கலாமுங்க" என்றாள். இன்றைக்கும் சில நாள், பனியன் தேய்க்கிறபோது திடீரென்று சொல்வாள். கொடுத்திருந்தாலும் அழுதிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

இப்போது வருகிற மெக்கானிக் நல்ல பையன். மரியாதை தெரிந்தவன். போன வாரம் வந்ததும் சரசு நீட்டிய சொம்பை வாங்கி, அண்ணாந்து, மடக்மடக்கென்று முழுசும் குடித்துவிட்டு, "இன்னொரு சொம்பு குடுங்கக்கா" என்றான். எனக்கு அவனைப் பிடிக்கவே இல்லை.