உப்பு அண்ணாச்சியின் கடற்கரை

தூத்துக்குடியை வாழவைத்தது துறைமுகமோ பஞ்சாலையோ அல்ல. சூரியநெல்லிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த எங்கள் உப்பு அண்ணாச்சிதான். இதை எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான்.

அவருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி உப்பளக் கரை. "நாம வாங்கலைன்னா அளத்துக்காரன் என்ன செய்வான்? திருப்பிக் கடல்லயா கொட்டுவான்?" என்று, போடிச் சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் ஒரு மூட்டை உப்போடுதான் மலை ஏறுவார். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடோ ஒரே அறை. கட்டிலுக்குக் கீழே உப்பு, கட்டிலுக்கு மேலே உப்பு. மிச்ச இடத்தில் அண்ணாச்சியும் மதினியும். மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற ஊர் அது. ஈரம் குடித்த உப்பு ஒழுகிப்போய்ப் பக்கத்து வீட்டு மாடசாமியின் அவரைக்கொடியைக் கருக்கியது.

மாடசாமி சண்டைக்கு வந்தான். அண்ணாச்சி ஒழுகிய நீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "நம்ம கடல்தாம்வே. வழி தெரிஞ்சு வந்திருக்கு."

ஒருநாள் மதினி, "இந்த வீட்டுல ஒண்ணு உப்பு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். அண்ணாச்சி யோசித்தார். யோசித்ததுதான் தப்பு. மதினி மேல் லைனில் இருந்த தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த ஆடியில் மலை சரிந்து போடிக்கு இறங்கும் கணவாய்ப் பாதை அடைபட்டது. கிடங்கில் அரிசி இருந்தது, உப்பு இல்லை. சப்பென்ற கஞ்சியைக் குடித்து அலுத்த பிறகு, அவர் உப்பு மூட்டையைப் பார்த்துச் சிரித்தவர்களெல்லாம் சட்டியோடு அண்ணாச்சி வாசலில் நின்றோம்.

அவர் விலை கேட்கவில்லை. இத்தனை நாள் எங்களிடம் அளந்த தூத்துக்குடிக் கதையிலிருந்து கேள்வி கேட்டார்.

"தூத்துக்குடியில பெரிய கப்பல் ஏன் கரைக்கு வராது?"

"ஆழம் இல்ல அண்ணாச்சி."

"அப்ப சரக்கு எப்படிப் போவும்?"

"தோணியில. பஞ்சு, நூலு, கருவாடு... அண்ணாச்சி, அடுப்புல உலை கொதிக்கு."

"கொதிக்கட்டும். தேயிலைய விட்டுட்டியே."

அதன் பிறகே ஒரு கை உப்பு. தெரியாதவர்கள் வரிசையின் கடைசிக்குப் போனார்கள். கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெண்கள் மழையில் தூத்துக்குடியின் தொழில்களை மனப்பாடம் செய்தார்கள். துரை பங்களாச் சமையல்காரர் வந்து, "துரைக்கு" என்று விறைப்பாக நின்றார்.

"அப்ப துரை வந்து சொல்லட்டும்" என்றார் அண்ணாச்சி.

சமையல்காரர் திரும்பிப் போனார். மறுநாள் வந்து தோணி, பஞ்சாலை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

அவருக்குப் பின்னால் மதினி நின்றாள், கையில் சட்டியோடு. "கேளுங்க" என்றாள். அண்ணாச்சி சட்டியை வாங்கி விளிம்பு வரை நிரப்பினார். மதினி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

பாதை திறந்ததும் ஊரிலிருந்து அவர் தம்பி வந்தார். அண்ணனின் கடற்கரைப் பேச்சைப் பற்றி அவரிடம் சொல்லி நாங்கள் சிரித்தோம். அவர் முழித்தார்.

"எங்க ஊர்ல வந்து கடலப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாவளே. பூரா இந்த மலைதான். உங்க ஒவ்வொருத்தர் பேரும் எங்க தெருவுக்கே தெரியும்."

"என்னைப் பத்தி?" என்றேன்.

"தோட்டத்து டாக்டரே உங்களக் கேட்டுத்தான் மருந்து குடுப்பாராமே."

நான் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.